பெரிய சாலை முகவரி, சின்னச் சாலை வாயில்

புதிய கூட்டுரிமை அடுக்குமாடியின் விற்பனைக்கூடத்துக்குப் போகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். மாலை வெயில் எந்த வீட்டில் விழும், பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை, நீச்சல் குளம் எந்தப் பக்கம் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கார் எந்தச் சாலையிலிருந்து உள்ளே நுழைகிறது என்று கேட்பவர் அபூர்வம். குடிபுகுந்த பிறகுதான் முணுமுணுப்பு கிளம்பும். முகவரியில் பெரிய சாலையின் பெயர் இருக்கிறது, வாயிலோ பக்கத்துச் சின்னச் சாலையில் இருக்கிறது, வெளியே வந்தால் இடப்பக்கம் மட்டுமே திரும்ப முடிகிறது, எதிர்த்திசையில் போக ஒரு சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது என்பார்கள்.

கட்டியவர் கஞ்சத்தனம் செய்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவருக்கு அதில் பெரிதாகத் தேர்வே இருந்திருக்காது. சிங்கப்பூரில் ஒருவருடைய நிலம் பொதுச்சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பதாலேயே நினைத்த இடத்தில் வாயில் திறந்துவிட முடியாது. எந்தச் சாலையில், எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் என்பதையெல்லாம் நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அரசாங்கம் ஏலத்தில் விற்கும் நிலமாக இருந்தால், வண்டிகள் எந்தச் சாலை வழியாக நுழைந்து வெளியேற வேண்டும் என்பது ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளிலேயே எழுதப்பட்டிருக்கும். கட்டடக் கலைஞர் பென்சிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே வாயிலின் இடம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நிலப் பற்றாக்குறை. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைகளுக்குப் போய்விட்டது. வீடுகளுக்கான பங்கே 14 விழுக்காடுதான். இனிச் சாலைகளை அகலமாக்கிக்கொண்டே போக முடியாது. இருக்கும் சாலை ஓட வேண்டிய வேகத்தில் ஓட வேண்டுமானால், அதன் ஓரத்தில் விழும் துளைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாயிலும் ஒரு துளைதான். ஒரு கார் வேகத்தைக் குறைத்துத் திரும்பும்போது பின்னால் வரும் பஸ்ஸும் வேகத்தைக் குறைக்கிறது. ஒரே சாலையில் நூறு மீட்டருக்குள் ஐந்து வாயில்கள் இருந்தால் அது சாலையாக இருக்காது, வண்டிகள் நின்று நின்று நகரும் முற்றமாகிவிடும்.

இதற்காகச் சாலைகளை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை விரைவுச்சாலை. அடுத்த இரண்டும் பெருஞ்சாலைகள். நான்காவது, வட்டாரத்தைப் பெருஞ்சாலையோடு சேர்க்கும் இணைப்புச் சாலை. ஐந்தாவது வீட்டு வாசல் வரை வரும் உள்ளூர்ச் சாலை. விரைவுச்சாலையில் எந்தக் கட்டடத்துக்கும் நேரடி வாயில் கிடையாது. மற்றபடி ஒரு மனை இரண்டு சாலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தால், தரத்தில் தாழ்ந்த சாலையிலேயே வாயில் திறக்க வேண்டும் என்பது பொது விதி. பெருஞ்சாலை ஓடுவதற்கு, உள்ளூர்ச் சாலை நுழைவதற்கு என்ற பிரிவினை அது. முகவரியில் இருக்கும் கௌரவத்தை இந்த விதி பொருட்படுத்துவதில்லை.

பெருஞ்சாலையைத் தவிர வேறு சாலையே இல்லாத மனைக்கு என்ன வழி? அங்கேயும் வாயில் உண்டு, நிபந்தனைகளோடு. சாலைச் சந்திப்பை ஒட்டி இருக்கக் கூடாது, பஸ் நிறுத்தத்தின் மேல் விழக் கூடாது, வெளியே வரும் ஓட்டுநருக்கு வருகிற வண்டியைக் காணும் பார்வைத் தூரம் இருக்க வேண்டும். சில இடங்களில், திரும்பும் வண்டிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தனித் தடம் ஒன்றைக் கட்டுநரே போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். நடுத்திட்டை உடைத்து வலப்பக்கம் திரும்ப வழி கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. இடப்பக்கமாக நுழைந்து இடப்பக்கமாக வெளியேற வேண்டியதுதான். யூ-டர்ன் பலகை உள்ள இடத்தில் மட்டுமே திரும்ப முடிகிற இந்த ஊரில், அதற்கு ஆகும் கூடுதல் தூரத்தை வீட்டுக்காரர் தினமும் பெட்ரோலாகக் கட்டுகிறார். அந்தக் கணக்கு விற்பனைக்கூடத்தில் யார் வாயிலும் வருவதில்லை.

சட்டப்படி இதற்கெல்லாம் அடித்தளம் 1995ஆம் ஆண்டின் தெருப் பணிகள் சட்டம். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் பிறந்தது. அதுவரை பொதுப்பணித் துறையின் சாலைப் பிரிவு, வாகனப் பதிவகம், பெருவிரைவு ரயில் கழகம் என்று பிரிந்து கிடந்த பொறுப்புகள் ஒரே கூரைக்குள் வந்தன. கட்டுமானத்தை ஒட்டிய சாலைப் பணிகளுக்கென்று ஆணையம் ஒரு நடைமுறைக் கோவை வைத்திருக்கிறது. வாயிலின் அமைப்பு, வளைவு, சரிவு, நடைபாதை, தெருவிளக்கு என்று அனைத்தும் அதில் இருக்கின்றன. நில உரிமையாளர் நேரே விண்ணப்பிக்க முடியாது. பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ அவர் சார்பில் வரைபடங்களைச் சமர்ப்பித்துக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். நகர மறுசீரமைப்பு ஆணையம் திட்ட அனுமதி தருவது, கட்டட, கட்டுமான ஆணையம் கட்டட வரைபடத்தை ஏற்பது, சாலைப் பணிகளுக்கான ஒப்புதல், கடைசியில் குடியேறுவதற்கான தற்காலிக அனுமதி என்று படிப்படியாக அது நகரும். வாயில் முடியாமல் கட்டடம் முடிந்ததாகக் கணக்கு இல்லை.

அந்த நடைமுறைக் கோவையில் எனக்குப் பிடித்த பகுதி கார்களின் வரிசையைப் பற்றியது. காவலர் கூண்டும் தடுப்புக் கம்பியும் மனையின் எல்லையிலேயே நின்றுவிடக் கூடாது, உள்ளே தள்ளி இருக்க வேண்டும். காலையில் பத்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும் அந்த வரிசை மனைக்குள்ளேயே அடங்க வேண்டும், பொதுச்சாலையில் வால் நீளக் கூடாது. அடுத்த முறை ஒரு கடைத்தொகுதியின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்துக்குள் இறங்கும்போது கவனித்துப் பாருங்கள். சரிவில் இறங்கி, ஒரு வளைவு திரும்பி, அதற்குப் பிறகுதான் தடுப்புக் கம்பி வரும். அந்த இடைவெளிக்கு ஒரு சதுர மீட்டர் கடை வாடகை என்ன என்று கணக்குப் போட்டால், கட்டுநர் அதை விருப்பத்தோடு விட்டுக்கொடுத்திருக்க மாட்டார் என்பது விளங்கும்.

வாயில் என்பது வரைபடத்தில் சில மீட்டர் அகலமுள்ள ஒரு வெற்றிடம். ஆனால் மனையில் வேறு எந்த இடத்திலும் இத்தனை அரசாங்க அமைப்புகள் வந்து நிற்பதில்லை. சாலையோரத்தில் வடிகால் ஓடுகிறது. அதன் மேல் பாலம் போடப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் சம்மதம் வேண்டும். வடிகாலுக்கு அப்பால் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது; அதைத் தொடத் தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்க வேண்டும். மரம் நகராது, ஆகவே பல சமயம் வாயில்தான் நகர்கிறது. தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும். அதற்கான வழி குறைந்தது 4 மீட்டர் அகலமும் 4.5 மீட்டர் உயர இடைவெளியும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது குடிமைத் தற்காப்புப் படை. ஆகவே வாயிலுக்கு மேலே அழகுக்காக வளைவு கட்ட ஆசைப்படுகிறவர் வண்டியின் உயரத்தையும் நினைக்க வேண்டும். விளக்குக் கம்பமோ பஸ் நிறுத்தமோ குறுக்கே நின்றால், இடம் மாற்றும் செலவு கட்டுநருடையது.

இவற்றில் தண்ணீரின் கணக்குதான் நுணுக்கமானது. புதிய கட்டடத்தின் தரைமட்டம் பொதுவாகப் பக்கத்துச் சாலையைவிட 300 மில்லிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். நிலத்தடித் தளம் இருந்தால், கார் இறங்கும் சரிவு சாலையிலிருந்து நேரே கீழே பாயக் கூடாது. முதலில் ஒரு மேட்டில் ஏறி, அதன் பிறகே இறங்க வேண்டும். சாலையில் தண்ணீர் தேங்கினாலும் அந்த மேடு அதை உள்ளே விடாது. கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தச் சிறு ஏற்றம் நன்றாகத் தெரியும். அது வேகத்தடை என்று நினைத்திருப்பார்கள்.

2010 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையில் நடந்தது நினைவிருக்கலாம். கனமழையில் சாலை நீரில் மூழ்கி, சாலை மட்டத்துக்குக் கீழே இருந்த கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதன் பிறகு ஆர்ச்சர்ட் சாலையின் 1.4 கிலோமீட்டர் நீளத்தைச் சராசரியாக 30 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். 2011 ஜூனில் பணி முடிந்தது. சாலையை உயர்த்தினால் அதோடு சேரும் வாயில்கள் என்னவாகும்? கட்டடங்கள் நகராமல் நிற்கின்றன, சாலை மட்டும் மேலே வருகிறது. நடைபாதையின் சரிவும் வாயில்களின் சரிவும் வடிகால்களும் புதிய மட்டத்தோடு ஒவ்வொன்றாகப் பொருந்தியாக வேண்டும். ஒரு வாயிலின் உயரம் கட்டிய நாளில் ஒரேயடியாக முடிவாகிவிடும் விவகாரம் அல்ல.

தரைவீடு வாங்குகிறவர்களுக்கு இதைவிட முக்கியமானது சாலைக்கோட்டு வரைபடம். எதிர்காலத்தில் ஒரு சாலை எவ்வளவு அகலமாகலாம் என்று திட்டமிட்டு, அதற்கான எல்லைக்கோட்டை அரசாங்கம் வரைந்து வைத்திருக்கிறது. பழைய தெருக்களில் அந்தக் கோடு வீட்டுக்காரரின் வேலியைத் தாண்டி உள்ளே ஓடும். வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு குடியிருக்கிறவரை அது பெரும்பாலும் கோடாகவே கிடக்கும். இடித்துப் புதிதாகக் கட்டப் போகும்போதுதான் கோட்டுக்கு உயிர் வருகிறது. கோட்டுக்கு வெளியே, சாலைப் பக்கம் இருக்கும் நிலத்தைச் சாலைக்காக ஒதுக்கி அரசாங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் உள்ள வரிசை வீட்டு மனை. முன்புறம் 1.5 மீட்டர் சாலைக்கோட்டுக்கு வெளியே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். போவது 9 சதுர மீட்டர், மொத்த நிலத்தில் 7.5 விழுக்காடு. இது முதல் இழப்பு. கட்டடம் சாலையிலிருந்து எவ்வளவு பின்வாங்கி நிற்க வேண்டும் என்ற அளவு இன்றைய வேலியிலிருந்து தொடங்குவதில்லை, அந்தக் கோட்டிலிருந்து தொடங்குகிறது. ஆகவே வீடு இன்னொரு முறை பின்னால் தள்ளப்படுகிறது. வாயிலிலிருந்து வீட்டுப் படி வரை ஒரு கார் தாராளமாக நிற்கும் என்று கணக்குப் போட்டு வைத்தவர், கோட்டிலிருந்து அளந்து பார்த்ததும் வாய் மூடிப் போவார். வாங்குமுன் வழக்கறிஞர் அரசாங்க அமைப்புகளுக்கு அனுப்பும் விசாரணைகளில் இதுவும் அடங்கும். பதில் வந்த தாளை வாங்குபவர் படிக்கிறாரா என்பது வேறு விஷயம். வீட்டின் வாஸ்துவுக்கு ஆள் வைத்துப் பார்க்கிற நம்மவர்கள் இந்தத் தாளுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

கட்டடம் தெருவுக்குக் கடன்பட்டது என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் நகர் அமைப்புக்கு விதித்த கட்டளைகளில், ஒவ்வொரு வீடும் தெருவோரம் கூரையிட்ட தொடர்ச்சியான நடைவழி ஒன்றை எந்நேரமும் திறந்து வைக்க வேண்டும் என்பதும் ஒன்று. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் நாம் மழைக்கு ஒதுங்குகிற ஐந்தடி நடைபாதை அப்படி வந்தது. நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. 1907இல் டாக்டர் சிம்ப்சன் நகரின் சுகாதாரம் பற்றி எழுதிய அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்த கடைவீடுகளுக்கு இடையே பின்சந்துகளை வெட்டச் சொன்னது. 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையின் ஆரம்ப வேலைகளில் அதுவும் ஒன்று. காற்றுக்கும் கழிவு அகற்றுவதற்கும் தீயணைப்புக்கும் அந்தச் சந்துகள் தேவைப்பட்டன.

தேக்கா அடங்கிய லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. ஆகவே அங்கே ஒரு கடைவீட்டைப் புதுப்பிக்கிறவர் முன்புறத்து ஐந்தடி நடைபாதையை வெட்டிக் காருக்கு வழி செய்துகொள்ள முடியாது. முன்பக்கம் மனிதர்களுக்கு, பின்பக்கம் சரக்குக்கு. மல்லிகைப் பூவும் காய்கறி மூட்டையும் வந்து இறங்குகிற நெரிசலைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏற்பாட்டில் குறை தெரியவில்லை. நடப்பவரின் பாதை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எந்தக் காராலும் வெட்டுப்படாமல் போகும் வட்டாரம் இந்தத் தீவில் எத்தனை இருக்கிறது?

புதிய வட்டாரங்களில் நடப்பவரின் பாதை வெட்டுப்படும் குறை நெடுங்காலம் இருந்தது. வாயில் விதிகள் கார்களின் ஓட்டத்தைக் காப்பாற்றவே முதலில் எழுதப்பட்டன. நடைபாதை வாயிலருகே சாலை மட்டத்துக்கு இறங்கி, மறுபுறம் மீண்டும் ஏறும். தள்ளுவண்டியில் குழந்தையோடு போகும் தாயும் சக்கர நாற்காலியில் போகும் முதியவரும் ஒவ்வொரு வாயிலிலும் இறங்கி ஏறினார்கள், கார் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. இப்போது எண்ணம் மாறிவிட்டது. நடைபாதை அதே மட்டத்தில் வாயிலைக் கடந்து போக, கார் ஏறி இறங்கும்படி வடிவமைக்கிறார்கள். 2016 ஜூலையிலிருந்து அலுவலகங்கள், கடைத்தொகுதிகள், பள்ளிகள் போன்ற திட்டங்களைக் கட்டுவோர், நடப்போரும் சைக்கிளோட்டிகளும் மனைக்குள் எப்படி வருவார்கள் என்பதற்குத் தனித் திட்டம் சமர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. கார் வாயிலும் நடப்பவர் வழியும் எங்கே குறுக்கிடுகின்றன என்பதை அதில் காட்டியாக வேண்டும்.

பெரிய திட்டங்களுக்குப் போக்குவரத்துத் தாக்க ஆய்வும் உண்டு. காலை நெரிசல் நேரத்தில் புதிய கட்டடத்திலிருந்து எத்தனை வண்டிகள் வெளியே வரும், பக்கத்துச் சந்திப்புகளில் வரிசை எவ்வளவு நீளும், பச்சை விளக்கின் நேரத்தை மாற்றினால் போதுமா, திரும்பும் தடம் ஒன்று கூடுதலாக வேண்டுமா என்று ஆலோசனை நிறுவனம் கணக்கிடும். கட்டுநர் காசு கொடுக்கிறார், ஆணையம் சரிபார்க்கிறது. சாலையை மாற்ற வேண்டும் என்று முடிவானால் அந்தச் செலவையும் கட்டுநரே ஏற்கிறார்.

இந்த முறையில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஆய்வு மனைக்கு மனை நடக்கிறது, நெரிசலோ வட்டாரத்துக்கு மொத்தமாக வருகிறது. 2017, 2018இல் கூட்டு விற்பனை அலை அடித்தபோது அது வெளிச்சத்துக்கு வந்தது. பழைய குடியிருப்பை மொத்தமாக விற்று, அதே நிலத்தில் முன்னைவிடப் பல மடங்கு வீடுகளைக் கட்ட நிறுவனங்கள் முன்வந்தன. தெரு மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தது. 2018 அக்டோபரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் வேறு பக்கத்திலிருந்து பிடியை இறுக்கியது. நகர மையப் பகுதிக்கு வெளியே, ஒரு மனையில் கட்டக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு காண மொத்தத் தளப்பரப்பை அதுவரை 70 சதுர மீட்டரால் வகுத்தார்கள். 2019 ஜனவரி 17 முதல் அது 85 ஆனது. மரின் பரேட், பாலஸ்டியர் உள்ளிட்ட ஒன்பது வட்டாரங்களுக்கு 100 என்று வைத்தார்கள்; அவற்றுள் ஜூ சியாட், கோவன் போன்ற சிலவற்றில் முன்பே 100தான். 17,000 சதுர மீட்டர் தளப்பரப்புக்கு முன்பு 242 வீடுகள் கட்டலாம் என்றால், பின்பு 200. அந்த ஒன்பது வட்டாரங்களில் 170. வாயிலை அகலமாக்க வழியில்லாதபோது உள்ளே போகும் ஆட்களைக் குறைத்தார்கள். என் பார்வையில், சாலை சம்பந்தமான விதிகளிலேயே உருப்படியான வேலை செய்தது சாலை என்ற சொல்லே இல்லாத இந்த விதிதான்.

2019 பிப்ரவரியில் கார் நிறுத்துமிட விதியும் மாறியது. தீவை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இத்தனைக்குக் குறையக் கூடாது என்பதோடு இத்தனைக்கு மேல் போகவும் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். நகர மையத்திலும் ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள்ளும் எண்ணிக்கை குறைவு. நிறுத்துமிடம் குறைந்தால் வாயிலில் நெரிசல் குறையும் என்பது கணக்கு. சொந்தக் கார்களைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் உணவு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள், பொட்டலம் கொண்டுவரும் வேன், செயலியில் அழைத்த வாடகைக் கார் ஆகிய எதற்கும் நிறுத்துமிடம் தேவையில்லை. அவற்றுக்கு வேண்டியது ஐந்து நிமிடம் நிற்க ஓர் ஓரம். காவலர் கூண்டில் பெயர் எழுதச் சொன்னால் அந்த ஐந்து நிமிடமும் வாயிலிலேயே கழிகிறது. கார் வைத்திருப்போருக்காக எழுதப்பட்ட விதிகள் காரே இல்லாத வீட்டின் வண்டிப் போக்குவரத்தை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை.

கட்டுமானம் நடக்கும் காலத்துக்கும் ஒரு தற்காலிக வாயில் உண்டு. அதுவும் அனுமதிக்கு உட்பட்டதே. மண் ஏற்றிய லாரி பொதுச்சாலைக்கு வருவதற்கு முன் அதன் சக்கரங்களைக் கழுவ வேண்டும். சேறு சாலையில் ஒட்டினால் அபராதம். காலை ஏழரை மணிக்கு அப்படியொரு வாயிலருகே நின்று பார்த்தால் தமிழ் காதில் விழ வாய்ப்புண்டு. ஒருவர் குழாயால் டயர் இடுக்குகளில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். இன்னொருவர் ஒளிரும் மேலங்கியில், கையில் சிவப்புக் கொடியோடு நடைபாதையில் வருகிறவர்களை ஒரு கையால் நிறுத்தி, "வா, வா, இன்னும் வா" என்று லாரி ஓட்டுநருக்குக் குரல் கொடுக்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கடந்த பிறகே லாரியை விடுகிறார். பார்வைத் தூரம் பற்றி நடைமுறைக் கோவை பக்கம் பக்கமாகச் சொல்வதை அந்த இடத்தில் அவர் இரண்டு கண்களால் செய்கிறார்.

கட்டி முடிந்த பிறகு யார் எதைப் பராமரிப்பது என்பதில் குழப்பம் அடிக்கடி வருகிறது. அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்ட சாலைப்பகுதியும் நடைபாதையும் பொதுச்சொத்து; அதில் கல் பெயர்ந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருக்கும் பாதை, தடுப்புக் கம்பி, சரிவு எல்லாம் அடுக்குமாடியின் நிர்வாக மன்றத்தின் பொறுப்பு. செலவு வீட்டுக்காரர்களின் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகும். சில பழைய தரைவீட்டுப் பேட்டைகளில் வாயிலுக்கு வெளியே இருக்கும் தெருவே தனியார் தெருவாக இருப்பதுண்டு. அங்கே குழி விழுந்தால் செப்பனிட வேண்டியவர்கள் தெருவின் உரிமையாளர்கள். அப்படிப்பட்ட தெருவில் வீடு வாங்குகிறவர், தெரு யார் பெயரில் இருக்கிறது, இதுவரை தார் போட்ட செலவை யார் யார் எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.